முந்திக்கொண்டவர்

அந்த வானொலி நிலையத்தில் அவரை எல்லோரும் அகராதி என்றுதான் கூப்பிட்டார்கள். எதைக் கேட்டாலும் பதில் வைத்திருப்பார் என்பதால் பாதிப் பேர் அப்படிச் சொன்னார்கள். மீதிப் பேர் சொன்னதற்கு அர்த்தம் வேறு. இரண்டும் அவருக்குத் தெரியும். இரண்டிலும் அவருக்கு ஒரு பெருமை இருந்தது.

காலை நிகழ்ச்சியில் பெரிய செய்திகள் முடிந்து பாட்டு ஆரம்பிப்பதற்கு முன்னால் 'ஊருலகம்' என்று ஒரு சின்னப் பகுதி வரும். எங்கேயோ மிருகக்காட்சிசாலையிலிருந்து காணாமல் போன ஆமை பக்கத்துத் தெரு சலவைக்கடையில் கிடைத்தது என்பது மாதிரியான செய்திகள். பல வருடங்களாக அதை எழுதியதும் அவர்தான், வாசித்ததும் அவர்தான். ஆரம்பத்தில் கத்தரிக்கோலும் பத்திரிகைகளுமாக உட்கார்ந்திருந்தவர், பிறகு கணினிக்கு மாறினார். மாறினாரே தவிர வழக்கம் மாறவில்லை. தினமும் அதே தளங்களை ஒவ்வொன்றாகத் திறந்து, புதிதாக ஏதாவது இருக்கிறதா என்று பார்ப்பார். வீடு வீடாகக் கதவைத் தட்டிப் பார்ப்பது மாதிரி. பாதி வீடுகளில் நேற்று இருந்ததேதான் இருக்கும்.

அப்போதுதான் புதுசு வந்தாள். உதவி எழுத்தாளராகச் சேர்ந்த நாளில் யாரோ "அந்தப் புதுசு எங்க?" என்று கேட்டார்கள், அது அப்படியே ஒட்டிக்கொண்டது. முப்பதைத் தாண்டியவள், அதிகம் பேசமாட்டாள். நிலையத்தில் எல்லோரும் ஒருவரையொருவர் அண்ணா, அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். நிகழ்ச்சிப் பொறுப்பாளர் அம்மாளே எல்லோருக்கும் பெரியக்காதான். புதுசு மட்டும் அகராதியை 'சார்' என்றாள். திமிர் என்று நினைத்துக்கொண்டார்.

முதல் வாரத்திலேயே காலைக் கூட்டத்தில் அவர் ஆமைக் கதையைச் சொல்லி முடிக்க, அவள் மெதுவாகச் சொன்னாள்: "அந்த ஆமை திரும்பவும் ஓடிப்போயிடுச்சு சார். இன்னைக்குக் காலையில போட்டிருக்காங்க."

பெரியக்கா விழுந்து விழுந்து சிரித்தார். அகராதியும் சிரித்தார். பல் மட்டும் சிரித்தது.

அதற்குப் பிறகு அது தினசரி வழக்கமாகிவிட்டது. அவர் கொண்டுவந்தது பழசாக இருக்கும், அவள் கொண்டுவந்தது சூடாக இருக்கும். ஒரு நகரத்தின் தொலைந்த பொருள் அலுவலகத்துக்கு வந்து சேர்ந்த பல்செட், மணிக்கூண்டு பழுதுபார்க்கும் பெண்மணி முள்ளுக்குப் பின்னால் கண்டெடுத்த குருவிக்கூடு. இதெல்லாம் எந்தப் பத்திரிகையிலும் வந்ததில்லை. வாரத்தில் ஒரு நாள் அவளே வாசிக்கட்டும் என்றார் பெரியக்கா. ஒரு நாள் மூன்று நாளாயிற்று. கடைசியில், "உங்க தொண்டைக்கும் ஓய்வு வேணும்ல அண்ணா" என்று கரிசனத்தோடு முழுப் பகுதியையும் தூக்கி அவளிடம் கொடுத்துவிட்டார்.

"நல்லதுதானே" என்றார் அகராதி.

வயிறு எரிந்தது. சொல்லளவில் இல்லை, நிஜமாகவே எரிந்தது. அவர் மனைவி அதை அஜீரணம் என்று முடிவுகட்டிக் காப்பியை ஒரு வேளையாகக் குறைத்துவிட்டார். அந்தக் கணக்கையும் அகராதி புதுசின் பேரில்தான் எழுதினார்.

அவளுக்குச் செய்தி நிறுவனத்தில் சொந்தக்காரர் யாரோ இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ராத்திரி தூங்காமல் தேடுகிறாள் என்று நினைத்து, ஒரு நாள் சீக்கிரமே வந்து கவனித்தார். அவளோ எல்லோருக்கும் பிறகு வந்தாள். பையை மாட்டினாள், காப்பி ஊற்றிக்கொண்டாள், ஒரே ஒரு பக்கத்தைத் திறந்தாள், மேலிருந்து கீழே ஓட்டினாள், நாலு வரி குறித்துக்கொண்டாள். காப்பி ஆறுவதற்குள் வேலை முடிந்துவிட்டது. அவள் ராத்திரியெல்லாம் கண்விழித்திருந்தால்கூட அவருக்கு இவ்வளவு வலித்திருக்காது.

தண்ணீர் எடுக்கப் போவது மாதிரி அவள் பின்னால் நின்று, "என்னம்மா இது?" என்று கேட்டார்.

"ஃபீட் ரீடர் சார். பிடிச்ச தளங்களைச் சேர்த்து வச்சிருக்கேன். என் பட்டியலையே அனுப்பட்டுமா? உங்களுக்கும் உதவும்."

அவ்வளவு சுலபமாகக் கொடுக்க வருகிறாளே என்பதே அவருக்குப் பொறுக்கவில்லை. "வேண்டாம்மா. எனக்கு இதெல்லாம் சரிப்பட்டு வராது" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் எடுக்க மறந்து திரும்பினார்.

வீட்டில் மனைவியிடம் சுற்றிவளைத்து ஆரம்பித்தார். அந்த அம்மாள் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவர். மங்கலாகப் பேசுகிறவர்களை நாள் முழுக்கப் பார்த்துப் பழகியவர்.

"யாரோ ஃபீடு, ஓடைன்னு என்னமோ பேசிக்கிட்டாங்க..."

"செய்தியோடையா? நான்தான் வருஷக்கணக்கா வச்சிருக்கேனே. உங்ககிட்டயும் சொன்னேன். நீங்க அப்ப கத்தரிக்கோலைத் தேடிட்டு இருந்தீங்க."

தன் கைபேசியை எடுத்து அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். "இங்க பாருங்க. ஒவ்வொரு தளமும் 'என்கிட்ட புதுசா இதெல்லாம் வந்திருக்கு'ன்னு ஓரத்துல ஒரு பட்டியல் வச்சிருக்கும். அதான் ஓடை. மனுசங்க பாக்கறதுக்கில்ல, இந்த மாதிரி ரீடர் பாக்கறதுக்கு. நாம முகவரியை ஒரு தடவை கொடுத்துட்டா போதும். அதுவே எல்லா இடத்துக்கும் போய், புதுசு எதுவோ அதை மட்டும் எடுத்துட்டு வந்துடும்."

'புதுசு' என்ற சொல்லுக்கே அவர் முகம் சுளித்தது.

"தளத்துக்காரங்களுக்கு நாம படிக்கிறது தெரியுமா?"

"எப்படித் தெரியும்? பேரு கேக்கறதில்ல, மெயில் கேக்கறதில்ல. சத்தமில்லாமப் படிக்கலாம். பிடிக்கலையா, நீக்கிட்டா போச்சு. பட்டியல் மொத்தத்தையும் ஒரே கோப்பா வெளிய எடுத்து இன்னொருத்தருக்குக் கொடுக்கவும் செய்யலாம்."

அன்றே அவர் ஒரு ரீடரை ஏற்றி, தெரிந்த பெரிய பத்திரிகைகளையெல்லாம் அதில் சேர்த்தார். ஆரஞ்சு நிறத்தில் ஒரு புள்ளியும் இரண்டு வளைவுகளுமாக அந்தச் சின்ன அடையாளம் எங்கே கண்ணில் பட்டாலும் விடவில்லை. மறுநாள் காலை திறந்தால் மூச்சு முட்டியது. ஒரே அமைச்சர் ஒரே பாலத்தை ஏழு தலைப்புகளில் திறந்துவைத்தார். படிக்கப் படிக்க ஏறிக்கொண்டே போயிற்று. இரண்டு வாரம் முங்கி எழுந்த பிறகு அவருக்கு ஒன்று விளங்கியது. கருவியில் ஒன்றும் இல்லை. எதைச் சேர்ப்பது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அந்தப் பட்டியல்தான் வேண்டும்.

கேட்டிருந்தால் கொடுத்திருப்பாள். வேண்டாம் என்று ஒரு தடவை சொன்ன வாயால் எப்படிக் கேட்பது?

ஒரு காலையில் அவள் ஒலிபரப்பு அறைக்குள் போயிருந்தாள். அவள் கணினி திறந்தே கிடந்தது. அறையில் வேறு யாரும் இல்லை. சுவரில் இருந்த ஒலிபெருக்கியில் அவள் குரல், அவருடைய பகுதியை, அவர் வைத்த பெயரைச் சொல்லி ஆரம்பித்தது. அதைக் கேட்டுக்கொண்டே போய் உட்கார்ந்தார். மனைவி சொல்லிக்கொடுத்த மாதிரியே பட்டியலைக் கோப்பாக எடுத்துத் தனக்கு அனுப்பிக்கொண்டு, அனுப்பிய தடயத்தை அழித்துவிட்டு எழுந்தார். அவள் கடைசிச் செய்தியைச் சொல்லும்போது அவர் தன் நாற்காலியில் உட்கார்ந்து நகம் பார்த்துக்கொண்டிருந்தார்.

பட்டியலைத் திறந்ததும் பொறாமை தீரும் என்று நினைத்தார். கூடத்தான் செய்தது. ஒன்றுகூடச் செய்தித் தளம் இல்லை. மீன்பிடித் துறைமுகம் ஒன்றின் காவலாளி எழுதும் குறிப்புகள், பொத்தான்களுக்கென்றே இருக்கும் ஒரு அருங்காட்சியகம், இரையூட்டி வளர்த்த ஆந்தைகளைப் பற்றி எழுதும் மருத்துவர். இத்தனை ஜன்னல்களை இவள் எங்கே போய்க் கண்டுபிடித்தாள் என்று மலைப்பாக இருந்தது. எல்லாவற்றுக்கும் கீழே, தனியாக, 'வழியில்' என்று ஒரு தளம். யாரோ ஒரு லாரி ஓட்டுநர் எழுதுவது. மழை, டயர், வழியோரக் கடை சூப்பில் உப்பு குறைவு, இவ்வளவுதான். இதில் என்ன இருக்கிறது என்று அவருக்குப் புரியவில்லை. அவள் படிப்பதால் அதையும் விடாமல் படித்தார்.

அதன் பிறகு விடியும் முன்பே எழுந்து எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, கூட்டத்தில் முதல் ஆளாக உட்கார்ந்து, முதல் ஆளாகச் சொல்ல ஆரம்பித்தார். அவள் தன் தாளைப் பார்த்து, "நானும் அதைத்தான் கொண்டுவந்தேன்" என்பாள். இரண்டாவதைச் சொல்வார், அவள் தாளில் அதையும் அடித்துவிடுவாள். சில நாளில் அவள் தாளே கொண்டுவருவதில்லை.

"அகராதி அண்ணா பழையபடி ஆயிட்டாரு" என்றார் பெரியக்கா. 'ஊருலகம்' வாசிக்கும் வேலை திரும்ப அவரிடமே வந்தது. குளியலறையில் பாட ஆரம்பித்தார். மனைவி கதவைத் தட்டி, "அஜீரணம் சரியாப் போச்சா?" என்று கேட்டார்.

ஒரு நாள் சொல்வதற்கு எதுவும் கிடைக்காமல் அந்த லாரிக்காரர் எழுதியதை எடுத்துவிட்டார். ஏதோ ஒரு மலைப்பாதையில் ஓட்டுநர்கள், சாலையில் கிடக்கும் ஒற்றைக் கையுறைகளைப் பொறுக்கி ஒரு வேலியில் செருகிவைக்கிறார்களாம், தொலைத்தவன் என்றைக்காவது அந்த வழியாக வந்தால் எடுத்துக்கொள்ளட்டும் என்று. கூட்டத்தில் எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று. புதுசு மட்டும் தலையைத் தூக்கி அவரையே பார்த்தாள்.

"இது எங்க படிச்சீங்க சார்?"

"எங்கயோ ஒரு தளத்துலம்மா. ஞாபகம் இல்ல."

"சரி சார்."

அவ்வளவுதான். மறுநாள் பெரியக்காவிடம் போய், சாயங்கால வானிலையும் சாலை நிலவரமும் எழுதும் வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். அவள் திரையில் அந்த ரீடர் அதற்குப் பிறகு திறக்கவே இல்லை. அவர் தண்ணீர் எடுக்கும் சாக்கில் நாலைந்து தடவை பார்த்துவிட்டார். ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தார். ஆனால் ஜெயித்தது இனிக்கவில்லை. அவளும் தன்னைப் போல வெந்து சாக வேண்டும் என்று எதிர்பார்த்திருந்தார். அவள் வேகவில்லை. பேசாமல் மழை அளவை எழுதிக்கொண்டிருந்தாள். அது அவருக்கு இன்னொரு குறையாயிற்று.

பிறகு ஒரு விடியற்காலையில், சமையலறை மேசையில் ரீடரைத் திறந்தபோது 'வழியில்' தளத்திலிருந்து புதிதாக ஒன்று வந்திருந்தது.

"நாளை மறுநாள் நெஞ்சைத் திறந்து ஒரு வால்வு மாற்றப்போகிறார்கள். இன்றைய ஓட்டத்தோடு வண்டியை ஒப்படைக்க வேண்டும். வீட்டில் சொல்ல ஆள் இல்லை. இருக்கிற ஒரே தங்கச்சியோடு பேச்சு நின்று ஆறு வருடம். அம்மா போனபோது நான் வரவில்லை என்று அவளுக்குக் கோபம். என்னை ஏன் என்று கேட்கவில்லை என்று எனக்குக் கோபம். காலையில் அவள் ரேடியோவில் 'ஊருலகம்' சொல்வாள். எங்கே இருந்தாலும் வண்டியை ஓரங்கட்டிவிட்டுக் கேட்பேன். கொஞ்ச நாளாக அவள் குரல் வருவதில்லை. வேறு யாரோ ஒரு ஆள் பேசுகிறார். நன்றாகத்தான் பேசுகிறார். நான் ஓரங்கட்டுவதில்லை. அவளுக்கு உடம்புக்கு ஏதாவதா என்று யாரைக் கேட்பது?"

வேறு யாரோ ஒரு ஆள். இத்தனை வருடம் தொண்டை கிழியப் பேசியவருக்கு அந்த நான்கு சொற்கள்தான் முதலில் தைத்தன. மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான் உள்ளே இறங்கியது. இறங்கியதும் கையிலிருந்த காப்பியைக் கீழே வைத்தார்.

தளத்தையே போய்ப் பார்த்தார். அந்தக் குறிப்பு அங்கே இல்லை. எழுதியவர் யோசித்து எடுத்துவிட்டிருக்கிறார்.

"ஓடையில ஒரு தடவை வந்துட்டா நம்மகிட்ட தங்கிடும்" என்றார் மனைவி, தோளுக்கு மேலாகப் படித்தபடி. "அங்க அழிச்சாலும் இங்க இருக்கும். யாருங்க இது?"

வேறு வழியில்லாமல் எல்லாவற்றையும் சொன்னார். ஆமையிலிருந்து ஆரம்பித்துச் சொன்னார். மனைவி குறுக்கே பேசாமல் கேட்டது அவருக்குத் திட்டு வாங்குவதைவிடக் கஷ்டமாக இருந்தது.

"அந்தப் பொண்ணு இதைப் பாத்திருக்காதா?"

"அவ ரீடரைத் திறக்கறதே இல்ல. நான்தான்... திறக்க விடாமப் பண்ணிட்டேன்."

"அப்ப உலகத்துல இது உங்க ஒருத்தர்கிட்டதான் இருக்கு." மனைவி அவர் சட்டையை எடுத்துக் கையில் கொடுத்தார். "போன்ல சொல்லாதீங்க. நேர்ல போங்க."

சொல்லாமலே இருந்துவிட்டால் என்ன என்று பேருந்தில் ஒரு நிமிடம் நினைக்கத்தான் செய்தார். அதைவிட அசிங்கமாக இன்னொன்றும் நினைத்தார்: எனக்காக யாராவது, எங்கேயாவது, ஒரு சைக்கிளையாவது ஓரங்கட்டியிருப்பார்களா?

நிலையத்துக்குள் போய் அவளுக்காகக் காத்து நின்றார். சாயங்கால வேலைதான் என்றாலும் அவள் காலையிலேயே வந்துவிடுவாள். மாடிப்படி திரும்பும் இடத்தில் அவளை நிறுத்தி, கைபேசியை நீட்டினார். அவள் படித்தாள். சுவரில் சாய்ந்துகொண்டு இன்னொரு தடவை படித்தாள்.

"உன் பட்டியலை நான் எடுத்துட்டேம்மா" என்றார். "உன்கிட்டக் கேக்காம."

"தெரியும் சார். கையுறை சொன்னீங்களே, அன்னைக்கே தெரியும். அதைப் படிக்கிறது நான் ஒருத்திதான்னு நினைச்சிருந்தேன்."

"ஏன் பெரியக்காகிட்ட சொல்லல?"

"சொன்னா எதைத் திருடினீங்கன்னு சொல்லணும். அண்ணன் எழுதறதை ஒளிஞ்சு படிக்கிறேன்னு சொல்லணும். அவனுக்கே தெரியாது." அவள் கைபேசியைத் திருப்பிக் கொடுத்தாள். "உங்களுக்குத் தெரிஞ்சதுக்கப்புறம் எனக்குப் படிக்கவே பிடிக்கல."

அகராதி கைபேசியைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

அவள் தன் கைபேசியில் எண்ணைத் தேடி அழைத்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது. "ஓட்டும்போது எடுக்க மாட்டான். ஓரங்கட்டினாத்தான் போனையே பாப்பான்." சொல்லிவிட்டு நிமிர்ந்தாள். "சார், இன்னைக்கு நான் வாசிக்கட்டுமா?"

அது அவருடைய பகுதி. இந்த நிலையிலும், இவ்வளவு தெரிந்த பிறகும், 'சரி' என்று சொல்ல அவருக்கு ஒரு மூச்சு நேரம் பிடித்தது. அந்த ஒரு மூச்சுக்காகப் பிற்பாடு ரொம்ப நாள் வெட்கப்பட்டார். "வாசிம்மா" என்று தன் கையிலிருந்த தாளைக் கொடுத்தார்.

ஒலிபரப்பு அறைக்குள் கைபேசி கொண்டுபோகக் கூடாது. அவள் அதை அவரிடம் கொடுத்துவிட்டுப் போனாள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம், ஒலிப்பதிவாளருக்குப் பின்னால், அவர் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார்.

அவள் வழக்கம்போலத்தான் வாசித்தாள். குரலில் ஒரு நடுக்கம் இல்லை, ஒரு சொல் கூடுதலாக இல்லை. துறைமுகத்தில் படகோடு படகாக வந்து சேர்ந்த நாயைப் பற்றிச் சொன்னாள். அகராதி எழுதிய வரியை, அவர் இழுக்கும் இடத்தில் இழுக்காமல், சாதாரணமாகச் சொன்னாள். அது அப்படித்தான் சொல்லப்பட வேண்டும் என்று அவருக்கே பட்டது. எரிச்சலாகவும் இருந்தது. நாய் யாருடையது என்று அவள் சொல்லும்போது கையில் கைபேசி அதிர்ந்தது. திரையில் 'அண்ணன்' என்று இருந்தது.

எடுத்துப் பேசலாமா, கூடாதா? அதற்குள் அழைப்பு நின்றுவிட்டால்? கண்ணாடியில் அதை அப்படியே ஒட்டி உயர்த்திப் பிடித்தார். அவள் பார்த்தாள். கடைசி வரியை முடித்தாள், பாட்டின் பெயரைச் சொன்னாள். ஒலிப்பதிவாளர் பாட்டைப் போட்டதும் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்து வாங்கிக்கொண்டாள்.

"ம். நான்தான்." அவள் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றாள். "எங்க நிறுத்தியிருக்க?"

அதற்கு மேல் அங்கே நிற்கக் கூடாது என்று அகராதி உள்ளே போய், அவள் நாற்காலியில் உட்கார்ந்து, மீதி நிகழ்ச்சியை முடித்துக்கொடுத்தார்.

அவள் அன்று மத்தியானமே கிளம்பிப் போனாள். அண்ணனுக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மூன்று வாரம் கழித்துத்தான் வேலைக்குத் திரும்பினாள். அந்த நாட்களில் 'ஊருலகம்' அவர் வாசித்தார். நேயர்கள் தொலைபேசியில், "அந்தப் பொண்ணு எங்கே?" என்று கேட்டார்கள். "வந்துடுவாங்க" என்று அவரே பதில் சொன்னார். ஒவ்வொரு தடவையும் நெஞ்சில் ஊசி ஏறி இறங்கியது.

அவள் வருவதற்கு முந்தின நாள் அவளுடைய பட்டியல் முழுவதையும் தன் ரீடரிலிருந்து நீக்கினார். பெரியக்காவிடம் போய், காலைப் பகுதி அவளுக்கே இருக்கட்டும், சாலை நிலவரத்தை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். காரணம் கேட்டபோது தொண்டை என்றார். புதுசு திரும்பி வந்தாள். அவரைப் பார்த்துத் தலையசைத்தாள், கணினிக்குக் கடவுச்சொல் போட்டாள். மன்னித்தாளா இல்லையா என்று அவருக்குக் கடைசிவரை தெரியவில்லை; கேட்கவும் தைரியம் வரவில்லை. 'வழியில்' தளத்தைத் தானும் படிக்கலாமா என்று மட்டும் ஒரு நாள் கேட்டார். "அவனைக் கேட்டுச் சொல்றேன்" என்றாள். சொல்லவில்லை.

சாலை நிலவரம் சாயங்காலத்தில் இரண்டே நிமிடம். யாரும் அதைப் பாராட்டித் தொலைபேசியில் கூப்பிடுவதில்லை. மழைக்காலம் வந்த வாரத்தில், தெற்குப் பாலத்தில் தண்ணீர் ஏறிவிட்டது என்று தாள் வந்தது. "கனரக வண்டிகள் பாலத்தைத் தவிர்த்துச் சுற்றிப் போகவும்" என்று நிறுத்தி நிதானமாக வாசித்தார் அகராதி. கொஞ்சம் யோசித்து, அதையே இன்னொரு தடவையும் வாசித்தார். அந்த இடத்தில் புதுசு இருந்திருந்தால் ஒரு தடவைதான் சொல்லியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டார்.